மாமியா காப்பி கேக்குது

வண்டன்மேட்டுப் பக்கம் அந்த ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்களுக்குள் ஒரு குரல் இருந்தது. சூப்பர்வைசர் சூசையப்பனின் குடை செடிகளுக்கு நடுவே அசைவது தெரிந்ததும், நிரையின் மேல்முனையில் இருக்கிறவள் யாரையோ பார்த்துச் சொல்வதுபோல இழுத்துச் சொல்வாள்:

"ஏத்தா, மாமியா காப்பி கேக்குது!"

அவ்வளவுதான். வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள் துப்பிவிட்டுக் குனிவாள். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுவார்கள். சின்னத்தாயி, நீட்டி வைத்திருந்த வலது காலை மடக்கிக்கொள்வாள்.

உண்மையில் அந்தக் காலுக்காகத்தான் அந்தக் குரலே பிறந்தது. ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளர்ந்தாலும், காய் பிடிப்பது அடித்தூரில், தரையோடு கிடக்கிற சரத்தில். குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். சின்னத்தாயிக்கு முழங்கால் வீங்கிப்போய் வெகுகாலமாயிற்று. மடக்கினால் உயிர் போகும். வேலை செய்கிறவருக்குத்தான் லயத்து வரிசையில் வீடு என்பது அந்தத் தோட்டத்துச் சட்டம். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாத அவளுக்கு லயத்து அறையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அதனால் அவள் காலை நீட்டிக்கொண்டு, கை எட்டுகிற சரத்தில் மட்டும் எடுப்பாள். அடுத்த நிரைக்காரிகள் போகிற போக்கில் ஆளுக்கொரு கை காயை அவள் சாக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் அதை உதவி என்று சொன்னதில்லை. கொசு கடித்தால் தட்டுகிற மாதிரி, கை தானாகச் செய்கிற வேலை அது. அப்படிப்பட்ட நன்மைகளைத்தான் ஆண்டவர் முதலில் பார்க்கிறார் என்று அந்த நிரையில் இருக்கிற கத்தரீனாள் நினைத்துக்கொள்வாள்.

அந்தக் குரலை உண்டாக்கினவளும், மேல்முனையில் எழுந்ததைச் சின்னத்தாயிக்குக் கேட்கும்படி திரும்பச் சொல்கிறவளும் கத்தரீனாள்தான். அவளுடைய மாமியார் உயிரோடிருந்த நாளில், மருமகள் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும், காப்பி கேட்பாள். "அந்தக் கிழவிக்கு எங்க இருந்துதான் மூக்குல வேர்க்குமோ" என்று கத்தரீனாள் ஒருநாள் சொல்லப்போக, எல்லாரும் சிரித்து, சூசையப்பனுக்கு 'மாமியா' என்ற பேர் நிலைத்துவிட்டது.

கத்தரீனாளின் மகள் சோனா எட்டாம் வகுப்புப் படித்தாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் சார் ஒருநாள் திரையில் ஒரு பூனையை நடக்க வைத்துக் காட்டினாராம். அன்றிலிருந்து பிள்ளைக்கு அதே நினைப்பு. அம்மா வேலைக்குப் போகும்போது போனை வீட்டில் விட்டுப்போகச் சொல்லிக் கெஞ்சுவாள். கத்தரீனாளும் விட்டுப்போவாள். கம்பத்துப் பக்கம் லாரி ஓட்டுகிற புருஷன் கூப்பிட்டால் மகள்தான் எடுப்பாள்.

"வீடியோ கேமு ஆடுறதுக்குத்தான் பிள்ளைக கெடந்து அழுகும். ஒம் பிள்ள அத உண்டாக்குறதுக்கு அழுகுதாக்கும்?" என்று நிரையில் ஞானஜோதி கேட்பாள். மேல்முனை எப்போதும் அவளுக்குத்தான். நாக்கும் கூர், கண்ணும் கூர். "கம்ப்யூட்டர்ல காய் எடுக்குறாளாம்ல. பாரு, அந்தக் காட்டுக்கும் நம்மளத்தான் களை வெட்டக் கூப்பிடப் போறாக."

"கூப்பிட்டா போவோம். அங்க அட்டை கடிக்காதுல்ல" என்பாள் கத்தரீனாள்.

போன் போதவில்லை. அப்போதுதான் ஷிஜி டீச்சர் வந்தாள். ஷிஜி சூசையப்பனின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவாள். சோனா நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளையாட்டுக்கு விதி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள். மறுவாரம், தான் கல்லூரியில் படித்தபோது வைத்திருந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டிக் கொண்டுவந்து பிள்ளையின் மடியில் வைத்தாள். "எனக்கு இது சும்மாதான் கெடக்கு. நீ வச்சு நல்லா பண்ணு." கத்தரீனாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சூப்பர்வைசர் வீட்டம்மா, லயத்துப் பிள்ளைக்கு! அன்றிலிருந்து ஜெபமாலை சொல்லும்போது தன் வீட்டாரோடு ஷிஜியின் பேரையும் சேர்த்துக்கொண்டாள். கிணற்றடியில் காய்த்த முதல் சௌசௌவைக்கூட ஷிஜி வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பினாள்.

விளையாட்டு மெள்ள மெள்ள உருவானது. ஏலக்காடு. பாவாடை கட்டிய ஒரு பிள்ளை சரம் சரமாகப் போய்க் காய் எடுக்கும். பிஞ்சைத் தொட்டால் சாக்கு இளைக்கும், பக்குவமான கருங்காயை எடுத்தால் நிறையும். வழியில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

"இது சின்னத்தாயிக்காவா?" என்று கேட்டுச் சிரித்தாள் கத்தரீனாள்.

"ஆமா. நாம நம்ம சாக்குல இருந்து பெரியம்மா சாக்குல போடணும்."

"தன் சாக்கு நெறஞ்சா ஜெயிச்ச மாதிரிதான பிள்ள?"

"இல்லம்மா. எல்லாரு சாக்கும் நெறஞ்சாத்தான் சங்கு ஊதும். அப்பத்தான் வீட்டுக்குப் போக முடியும்."

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விடுமுறை நாட்களில் அம்மாவோடு காட்டுக்குள் வந்தபோது பார்த்ததுதான். கத்தரீனாள் மகளின் தலையைத் தடவினாள்.

இடையில் ஒரு குடை வரும். குடை மட்டும்தான். ஆள் இருக்காது. டீச்சரின் வீட்டுக்காரருக்கு முகம் வரைய சோனாவுக்கு மனம் வரவில்லை. குடை வருவதற்குள் பெரியம்மாவின் கால் மடங்க வேண்டும். அதற்கு அந்தக் குரல் வேண்டும்.

"நீ சொல்லும்மா. போன்ல புடிச்சுக்கிறேன்."

"அது வேணாம் சோனா. அது நம்ம பொம்பளைகளுக்குள்ள உள்ள பேச்சு."

"விளையாட்டுதானம்மா."

விளையாட்டுதானே. கத்தரீனாளும் அப்படித்தான் நினைத்தாள். அடுப்படியில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படம் பிடிக்கப் போகிறவள்போல நிமிர்ந்து, "ஏத்தா, மாமியா காப்பி கேக்குது!" என்று இழுத்துச் சொன்னாள். இருவரும் சிரித்து ஓய வெகுநேரமானது. "யாருக்கும் காட்டிறாத, என்ன?" என்று சொல்லிவைத்தாள்.

"டீச்சருக்கு மட்டும்மா. லேப்டாப் குடுத்தவங்களுக்குக் காட்டாம இருப்பாகளா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் தாழ்வாரத்தில் வைத்துச் சோனா விளையாட்டைத் திறந்தாள். கத்தரீனாள் தூணோரம் நின்றாள். ஷிஜி பிள்ளைபோல உற்சாகமாக ஆடினாள். குடை வந்தது, குரல் வந்தது, ஷிஜி விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரு சோனா இந்த மாமியா?"

சோனா அம்மாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். "யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க டீச்சர். ஒங்க வீட்டு சார்ட்டயும்."

ஷிஜி, தாழ்வாரத்துக்கு எதிரே குகைபோலக் கட்டிய கெபியில் இருந்த மாதா சுரூபத்தைக் காட்டி, பிள்ளையின் தலையில் கையை வைத்தாள். "மாதா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்."

சோனா எல்லாவற்றையும் சொன்னாள். முழங்காலைப் பற்றி, ஆளுக்கொரு கையைப் பற்றி, குடையைப் பற்றி. நம்பிக்கை வந்துவிட்ட பிள்ளை பாதியில் நிறுத்துமா? "என் போனுக்கும் அனுப்பு, வீட்டுல ஆடுறேன்" என்றாள் ஷிஜி. சோனா அம்மாவின் போனில் வைத்திருந்த நகலைப் பெருமையோடு அனுப்பினாள். தூணோரம் நின்றிருந்த கத்தரீனாளுக்குள் ஏதோ ஒன்று லேசாக இடறியது. டீச்சர் சத்தியம் பண்ணியாயிற்றே என்று அதை ஒதுக்கிவிட்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, சாரல் பெய்துகொண்டிருந்த காலை. பெண்கள் தலையில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். கத்தரீனாள் நிரையின் கீழ்க்கோடியில் இருந்தாள். அப்போது நடுவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏத்தா, மாமியா காப்பி கேக்குது!"

வெற்றிலைக்காரி துப்பினாள். பேச்சுகள் நின்றன. சின்னத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்து, வலது காலை அவசரமாக மடக்கினாள். கத்தரீனாள் மட்டும் கையில் காயோடு அசையாமல் இருந்தாள். கேட்டது அவளுடைய சொந்தக் குரல். அவளோ வாயே திறக்கவில்லை.

சின்னத்தாயிக்குப் பின்னாலிருந்த செடிமறைவிலிருந்து சூசையப்பன் வெளியே வந்தான். அன்றைக்குக் குடை இல்லை. தொப்பியிலிருந்து நீர் சொட்டியது. கையில் போன். இன்னொரு முறை அழுத்தினான். கத்தரீனாளின் குரல் திரும்பவும் இழுத்துச் சொன்னது.

"மாமியா வந்துட்டேன் சின்னத்தாயி. காப்பி எங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

"ரொம்ப நாளா எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. சரி, ஓபீசுக்கு வந்துரு" என்றவன், போகும்போது கீழ்க்கோடியைத் திரும்பிப் பார்த்தான். "குரல் நல்லாருக்கு கத்தரீனா. பாட்டுப் பாடலாம் நீ."

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. சின்னத்தாயி மட்டும் திரும்பவில்லை. அவள் மடக்கிய காலை நீட்ட முடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானஜோதிதான் வாயைத் திறந்தாள். "நல்லாருடி. மகளுக்கு லேப்டாப்பு வந்தப்பவே நெனச்சேன், மேலவீட்டுக்காரி சும்மா குடுப்பாளான்னு."

"ஜோதி, நான் சொல்லல..."

"ஒங்குரல்தான? அதுல நான் பேசுனேனா?"

கத்தரீனாள் கையிலிருந்த காயைச் சாக்கில் போட்டாள். அவள் குரல்தான்.

சங்கு ஊதியதும் நனைந்த சேலையோடு நேரே சூப்பர்வைசர் குவார்ட்டர்சுக்குப் போனாள். ஷிஜி கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"உள்ள வா கத்தரீனா. நனஞ்சு போயிருக்க. உக்காரு, காப்பி போடுறேன்."

"காப்பி வேணாம் டீச்சர்."

ஷிஜி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள். "சோனா எவ்வளவு நல்லா பண்ணியிருக்கா. அவருக்கும் காட்டணும்னு ஒரு ஆசை. லயத்துப் பிள்ளைக்கு என்ன மூளை, பாருங்கன்னு காட்டுனேன். அவரும் சிரிச்சாரு. யாரு இந்த மாமியான்னு கேட்டாரு. பேச்சோட பேச்சா வந்துருச்சு. அவரு என் வீட்டுக்காரரு. அவர்ட்ட என்னத்த மறைக்க?"

"மாதா மேல கைகாட்டிச் சொன்னீங்களே டீச்சர்."

"ஐயோ, கத்தரீனா! சின்னப் பிள்ளைட்ட விளையாட்டுக்குச் சொல்றதெல்லாம் சத்தியமாகுமா?"

கத்தரீனாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்ட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் ஷிஜி பொய் சொல்லவில்லை. கெட்டது நினைக்கவும் இல்லை. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு ஒரு வாக்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"சார்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. சின்னத்தாயிக்காவுக்கு வீடு போயிரும். போக்கிடம் கிடையாது."

ஷிஜி பார்வையைத் தாழ்த்தினாள். "ஓபீசு காரியத்துல நான் எப்படித் தலையிடுறது? அவரு கேக்க மாட்டாரு."

இந்த வீட்டில் பேச்சு ஒரு பக்கமாகத்தான் ஓடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கத்தரீனாள் படி இறங்கினாள்.

வீட்டில் சோனாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. லயத்தில் எதுதான் தங்கும்? பிள்ளை அழவில்லை. லேப்டாப்பைத் துண்டால் துடைத்து, அதன் பையில் வைத்து, வாரைக்கூட ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள்.

"அம்மா, டீச்சர் மாதா மேலதான சத்தியம் பண்ணாங்க?"

"ஆமா."

"அப்ப மாதாவும் கேட்டுட்டுத்தான இருந்தாங்க?"

கத்தரீனாள் அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டாள். சோனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், டீச்சர் வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அம்மாவின் போனையும் அவள் தொடவில்லை. கத்தரீனாள் வழக்கம்போலக் காலையில் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். மாலையில் வந்து பார்க்கும்போது வைத்தது வைத்தபடியே இருக்கும்.

நிரையில் யாரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை. சண்டை வந்திருந்தால் பரவாயில்லை. பெரிய தேக்குச்சாப் பாத்திரத்தில் பால் விடாத கட்டன்சாயா வரும்போது டம்ளர் அவள்வரை வரும், பேச்சு வராது. ஒருநாள் அவள் இடுப்பை நிமிர்த்தி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேல்முனையில் ஞானஜோதி சாதாரணமாக ஏதோ சொன்னாள். மழையைப் பற்றியோ கோழியைப் பற்றியோ. மற்றவர்கள் எல்லாரும் சட்டென்று குனிந்தார்கள். கத்தரீனாள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். சூசையப்பன் எதிரே வந்து, "என்ன, வேடிக்கையா?" என்று அதட்டிவிட்டுப் போனான்.

பெண்கள் புதுக்குரல் வைத்துக்கொண்டார்கள். அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் ஞானஜோதி இருந்திருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனாலும் அன்றைக்கு முழுக்கக் காய் கண்ணுக்குத் தெரியாமல், பிஞ்சும் பழமுமாகப் பறித்துக்கொண்டிருந்தாள்.

சின்னத்தாயி அறையைக் காலி செய்கிற நாளில் கத்தரீனாள் அவள் வாசலில் போய் நின்றாள். உள்ளே ஒரு தகரப்பெட்டி, சுருட்டிய பாய், அலுமினியப் பானை, ஒரு முருகன் படம். சின்னத்தாயி படத்தைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்கு வாங்க."

"ஒன் வீட்டுக்கா?"

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். சின்னத்தாயி படத்தைச் சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டாள்.

"நீ சொல்லிக் குடுத்தியா கத்தரீனா?"

"இல்லக்கா. பிள்ள நம்பிச் சொல்லிருச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

"நான்கூடக் குரலக் கேட்டதும், நீதான்னு நம்பித்தான் கால மடக்குனேன்" என்றாள் சின்னத்தாயி. சுவரைப் பிடித்து எழுந்தாள். பானையை எடுத்து நீட்டினாள். "இதப் பிடி. அடி ஓட்ட, பாத்துத் தூக்கு."

அதுவே சம்மதமென்று புரிந்துகொள்ளக் கத்தரீனாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று சாயந்தரம், மாதா படத்துக்குப் பக்கத்தில் முருகன் படத்துக்கும் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தாள் சோனா. ஆனால் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். சின்னத்தாயி பாயில் சாய்ந்து காலை நீட்டியவள், அலமாரியைப் பார்த்தாள்.

"அந்தப் போன எடுடி. என்னய என்னமோ பண்ணி வச்சிருக்கியாம்ல. ஊரே பாத்துருச்சு, நான் மட்டும் பாக்கல."

"வேணாம் பெரியம்மா."

"எடுங்குறேன்ல."

சோனா எடுத்தாள். விளையாட்டைத் திறந்தாள். சின்னத்தாயி போனைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"சேல நல்லாருக்கு. இந்தக் கலரு எங்கிட்டக் கெடையாது. ஆனா இம்புட்டுக் குண்டாவா இருக்கேன்?"

சோனாவின் உதடு கோணியது. "இதை அழிச்சுறட்டா பெரியம்மா?"

"எதுக்கு?"

"இல்லாட்டி... காலயாச்சும் மடக்கி வச்சுர்றேன்."

"அட, போடி. வெளியில மடக்குனது போதாதா? இதுலயாச்சும் நீட்டிக்கிட்டு இருக்கேன், விடு." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தச் சாக்குல மட்டும் இன்னுங் கொஞ்சம் காயப் போடு. பாதிதான் இருக்கு."

சோனா போனை மடியில் வைத்துக் குனிந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் விரல்கள் திரையில் ஓடின. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மாவோட குரல எடுத்துட்டேன் பெரியம்மா. குட வந்தா யாரு சொல்லுவா?"

"ஒங்கம்மாதான் சொல்லணும். எனக்கு அவ குரல்தான் பழக்கம்."

கத்தரீனாள் அடுப்படியில் நின்றபடியே திரும்பினாள். சோனா போனை நீட்டிப் பிடித்தாள். முன்பு இதே இடத்தில் நின்றுதான், முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இப்போது வாயைத் திறந்தால் சூசையப்பன் கையிலிருந்து வந்த குரல்தான் காதில் கேட்டது. அது இனித் தன்னுடையது இல்லை என்று தோன்றியது. சின்னத்தாயி பாயிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா..." என்றாள் கத்தரீனாள். பிறகு, மெதுவாக, "மாமியா காப்பி கேக்குது."

சின்னத்தாயியின் இரண்டு கைகளும் தாமாகப் போய் முழங்காலைப் பிடித்தன. கால் பாதி மடங்கிவிட்டது. வலியில் அவள் முகம் சுருங்கியது.

சின்னத்தாயி தன் காலையே பார்த்தாள். பிறகு, யாரோ சொல்லிக் கொடுத்துப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவள்போல, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள்.